தாத்தா பாட்டிகளும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற சனிக்கிழமை வகுப்பு: சேரலாமா?

மேற்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் முதல் மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் கலை வகுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். 55 வயதைத் தாண்டியவர்களும் 8 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே வேலையைச் சேர்ந்து செய்கிற வகுப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு கலை என்று மாற்றுகிறார்கள். நாங்கள் சேர்ந்த பிறகு ஓவியம், கோலம், வில்லுப்பாட்டு மூன்றும் முடிந்துவிட்டன, அடுத்து பொம்மலாட்டமாம். சாயங்காலம் நாலரை முதல் ஆறரை வரை, ஆளுக்கு மாதம் 1,500 ரூபாய், ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தால் 2,500. பெயரைப் போடவில்லை, ஏனென்றால் கீழே குறைகளும் நிறைய எழுதியிருக்கிறேன், நடத்துவது இரண்டே பேர், பெரிய நிறுவனம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு எது என்று தெரிந்துவிடும். மற்றவர்கள், உங்கள் ஊரில் இப்படி ஒன்று வந்தால் எதையெல்லாம் விசாரித்துச் சேரணும் என்பதற்காகப் படியுங்கள்.

சேர்த்தது என் மாமியாரையும் என் பையனையும். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். 71 வயது, சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மாமா போன பிறகு ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டார். ஊரில் திண்ணையில் உட்கார்ந்தால் போதும், போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகர்வார்கள். இங்கே நாலாவது மாடி ஃப்ளாட். நானும் கணவரும் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவோம், பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் டியூஷன், அப்புறம் போன். யாரும் அவரிடம் பேசாமல் இல்லை. ஆனால் நாள் முழுக்கப் பேசியதைக் கூட்டிப் பார்த்தால் "சாப்பிட்டாச்சா", "மாத்திரை போட்டாச்சா", "கால் வலி எப்படி இருக்கு" இவ்வளவுதான் தேறும். எல்லாமே விசாரிப்பு. அவரிடம் ஒரு காரியம் ஆகணும் என்று யாரும் கேட்பதே இல்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2025 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் தனிமை பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. உலகத்தில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமையுணர்வு பாதிக்கிறதாம், அதோடு தொடர்புள்ள இறப்புகள் ஆண்டுக்கு 8,71,000க்கு மேல் இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்குப் புதிதாக இருந்தது வேறு விஷயம். தனிமை என்றால் வயசானவர்கள் பாடு என்றுதானே நாம் நினைக்கிறோம், ஆனால் 13 வயதிலிருந்து 29 வயது வரை உள்ளவர்களில் 17 முதல் 21 சதவீதம் பேர் தனிமையாக உணர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதிலும் பதின்ம வயதுப் பிள்ளைகளிடம்தான் அதிகம். அப்படியென்றால் பாட்டிக்குத் துணையாகப் பேத்தியை அனுப்புகிறோம் என்கிற பேச்சே ஒரு பக்கம் மட்டும் பார்ப்பது. இரண்டு பேருக்கும் ஆள் வேண்டியிருக்கிறது. இந்த வகுப்பை நான் எடைபோட்டதும் இதை வைத்துத்தான்: பெரியவரும் பிள்ளையும் ஒருவர் இல்லாமல் இன்னொருவருக்கு வேலை ஓடாது என்கிற நிலை அங்கே இருக்கிறதா, இல்லை சும்மா பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்களா?

ஓவியத்தில் சும்மா உட்காரத்தான் வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கேன்வாஸ், ஆளுக்கு ஒரு பிரஷ், எதிரே போர்டில் டீச்சர் போட்ட மயிலைப் பார்த்து எல்லாரும் மயில் போடணும். பிள்ளைகள் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு மொபைலை எடுத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் கழுத்து வலிக்க வலிக்கத் தோகைக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் அத்தையும் பக்கத்தில் இருந்த பிள்ளையும் பேசியது "அந்தப் பச்சையைக் கொஞ்சம் தா" மட்டும்தான் என்று அவரே சொன்னார். கேன்வாஸ், பெயின்ட் செலவு வேறு தனி. அந்த மூன்று மாதம் முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தோம், கோலம் என்று கேள்விப்பட்டதும் அத்தைதான் "இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்" என்றார்.

கோலம் வேற மாதிரி. முதல் நல்ல விஷயம், யாரையும் தரையில் குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லவில்லை. இடுப்பு உயர மேசை மேல் கறுப்புப் பலகை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போடலாம். முழங்கால் தேய்ந்தவர்கள் வாசலில் கோலம் போடுவதை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், அவர்களுக்கு அந்த மேசையே பெரிய விஷயம். இரண்டாவது, வேலையைப் பிரித்த விதம். ஒரு பலகைக்கு ஒரு பெரியவர், ஒரு பிள்ளை. புள்ளி வைப்பது ஒருவர், இழை இழுப்பது ஒருவர், வாரா வாரம் மாற்றிக்கொள்ளணும். சிக்குக் கோலம் தெரிந்தவர்களுக்குப் புரியும், புள்ளி ஒன்று இடம் மாறினால் கம்பி போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேராது. கை நடுங்குகிற ஒரு பாட்டி வைத்த வரிசை கோணிக்கொண்டே போக, கூட இருந்த பையன் அழிக்காமல் அந்தக் கோணலுக்கு ஏற்ற மாதிரி வளைத்து வளைத்து இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். 13 புள்ளி 7 வரை ஊடுபுள்ளி என்று அத்தை சொல்ல, எதிரே இருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் அதை நோட்டில் கட்டம் போட்டுக் கணக்காக மாற்றி எழுதிக்கொண்டாள். அத்தைக்கு அந்தக் கோலம் கையில்தான் இருந்தது, எத்தனை வளைவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பெண்ணுக்கு வளைவு எண்ணத் தெரியும், மாவு எடுத்தால் விரலிலிருந்து கொட்டிவிடும்.

வகுப்புக்கு வருகிற ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் சொன்ன விஷயம் இங்கே பொருத்தம். இதே தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, 1974லேயே புள்ளிக் கோலங்களைக் கணினி அறிவியலில் இலக்கணம் என்று சொல்கிற, வடிவங்களை உருவாக்கும் விதிகளாக ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டு வாசலில் போட்டது உலக அளவில் ஆராய்ச்சியாகப் போயிருக்கிறது என்று அவர் சொன்ன அன்றைக்கு அறையில் இருந்த பாட்டிகள் முகத்தைப் பார்க்கணுமே. அதுவரைக்கும் "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, கோலம் மட்டும் போடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

ஆனால் இந்த வகுப்பில் காசு கொடுக்கத் தகுந்தது எது என்று கேட்டால் வில்லுப்பாட்டைத்தான் சொல்வேன். சொல்லிக்கொடுப்பவர் நாங்குநேரிப் பக்கத்துக்காரர், ஊர்க் கோயில் திருவிழாவான கொடைகளில் பாடியவர், வேலைக்காகச் சென்னை வந்தவர். மணி கட்டிய நிஜ வில்லையே கொண்டு வந்து வைத்துவிட்டார். வீசுகோல், உடுக்கை, குடம், தாளம், கட்டை எல்லாம் இருக்கிறது. வில்லுப்பாட்டு ஏன் இந்த மாதிரி வகுப்புக்கு அவ்வளவு பொருந்துகிறது என்றால், அதில் தனியாக யாரும் பாட முடியாது. முதன்மைப் பாடகர் ஒரு அடி சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" போடணும், திருப்பிப் பாடணும், நடுவில் கேள்வி கேட்கணும். கேட்பதற்கென்றே ஆள் வைத்த கலை அது. வீட்டில் அத்தை ஒரு பழைய கதையை ஆரம்பித்தால் இரண்டாவது வரியில் எங்கள் கண் போனுக்குப் போய்விடும். இங்கே ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பிள்ளை கவனித்து "ஆமா" சொல்லியாகணும், தவறினால் தாளம் விழும், எல்லாரும் சிரிப்பார்கள்.

தெற்கத்தி ஆட்களுக்கு இது ஊர் நினைப்பு. என்.எஸ்.கிருஷ்ணன் காந்தி கதையை வில்லில் சொன்னதும், அவரோடு இருந்த சுப்பு ஆறுமுகம் அதை வானொலி, தொலைக்காட்சி வரை கொண்டுபோய் 2021ல் பத்மஸ்ரீ வாங்கியதும், அடுத்த வருஷமே அவர் காலமானதும் சென்னைக்காரர்களுக்கும் தெரிந்திருக்கும். அத்தைக்குத் தெரிந்தது அதற்கும் முந்தின வில். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில், முத்துப்பட்டன் கதை, விடிய விடிய உட்கார்ந்து கேட்டது. பிராமணனான பட்டன், செருப்புத் தைக்கிற குடும்பத்துப் பெண்களான பொம்மக்கா திம்மக்காவைக் கட்டிக்கொள்வதற்காக என்னவெல்லாம் செய்தான் என்று அவர் சொல்ல ஆரம்பித்த அன்றைக்குப் பிள்ளைகள் நிறுத்தவே விடவில்லை, சாதியைப் பற்றி நேராகக் கேள்வி கேட்டார்கள், வகுப்பு ஏழு மணி தாண்டிவிட்டது. வீட்டில் என் பையன் முன்னால் நானே இவ்வளவு பேசியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அப்புறம் எல்லாரும் சேர்ந்து ஒரு புதுக் கதை கட்டினார்கள். 2015 டிசம்பர் வெள்ளம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டிய வெள்ளம், முடிச்சூர் பக்கம் வீடுகள் முதல் மாடி வரைக்கும் முங்கியது. வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்போது கைக்குழந்தை, சிலர் பிறக்கவே இல்லை. பெரியவர்கள் ஒவ்வொருவரும் அன்றைக்கு எங்கே மாட்டினார்கள் என்று சொல்ல, பிள்ளைகள் அதைப் பாட்டாக்கினார்கள். "பாலு வாங்கப் போன தாத்தா படகில் வந்தாரே" என்று ஒரு வரி, கூட்டமாக "ஆமா, படகில் வந்தாரே". அந்தத் தாத்தா அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார், "பாலையும் சேர்த்துத்தான் கொண்டு வந்தேன், அதையும் போடு" என்கிறார். புறநகர் மின்சார ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஓவிய மாதங்களில் மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனிதர், குடம் அவர் கைக்கு வந்த பிறகு ஒரு வாரம்கூட விடவில்லை. அவருக்கு ஜோடி என் பையன்தான்.

அந்த ஜோடி விஷயம் முக்கியம். சொந்தப் பாட்டியும் சொந்தப் பேரனும் ஜோடி சேரக் கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது, குடும்பத்தோடு நேரம் செலவழிக்கத்தானே காசு கட்டினோம் என்று. யோசித்துப் பார்த்தால் சரிதான். சொந்தப் பேரன் என்றால் அத்தை பாதி நேரம் "முதுகை நிமிர்த்தி உட்காரு, தண்ணி குடிச்சியா" என்பார், அவன் "சும்மா இரு ஆச்சி" என்பான். அடுத்த வீட்டுப் பிள்ளை என்றால் இரண்டு பக்கமும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது, புதிதாகச் சொல்ல விஷயமும் இருக்கிறது. பாட்டி இல்லாத பிள்ளைகளையும், பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற பெரியவர்களையும் தனியாகவே சேர்த்துக்கொள்கிறார்கள், இதற்குத் தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

அத்தைக்கு ஜோடி அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் ஓ.எம்.ஆரில் வேலை, பெண் ஒற்றைப் பிள்ளை, முதல் சில வாரம் வாயே திறக்கவில்லையாம். வில்லுப்பாட்டு மாதங்களில் அத்தையைப் பார்த்து அவளும் ஆச்சி என்று கூப்பிட ஆரம்பித்து, வாரத்தின் நடுவில் போன் வர ஆரம்பித்தது. "ஆச்சி, மூணாவது அடியில மாடு பிடிக்க வந்தவங்க எத்தனை பேருன்னு சொன்னீங்க?" இந்த மாதிரி. அந்த போனை எடுக்க அத்தை சமையலறையிலிருந்து நடந்து வருகிற வேகமே தனி. அவருடைய மகனும் மகளும் தினமும் போன் செய்கிறவர்கள்தான், அதற்கு இந்த வேகம் கிடையாது. அவர்கள் நலம் கேட்கக் கூப்பிடுகிறார்கள், இவள் வேலையாகக் கூப்பிடுகிறாள்.

அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தூக்க மாத்திரை நிற்கவில்லை. மாமாவின் நினைவு நாள் வந்தபோது இரண்டு சனிக்கிழமை போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஆனால் புதன்கிழமை வாக்கில் கேட்டால் சனிக்கிழமைக்கு என்ன கொண்டுபோகணும் என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கும். முதியவர்களுக்குக் கலை வகுப்பு எவ்வளவு உதவும் என்று அமெரிக்காவில் ஜீன் கோஹன் என்கிற மனநல மருத்துவர் செய்த ஆய்வு 2006ல் வந்தது. வாஷிங்டன் பகுதியில் சராசரியாக 80 வயதுக்காரர்கள் வாராவாரம் முறையான பயிற்சியோடு கூட்டுப் பாடல் பாடினார்கள், அதில் சேராதவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு டாக்டரிடம் போவது குறைந்திருந்தது, தனிமையுணர்வும் குறைந்திருந்தது. கவனிக்க வேண்டியது அந்த "வாராவாரம்". முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு நாங்கள் குடும்பத்தோடு போயிருக்கிறோம், அருமையான இடம், 1996லிருந்து இருக்கிறது, செட்டிநாட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அத்தை ஊர்க்கதை பேசினார், பையன் மண் சக்கரத்தில் கை வைத்தான். ஒரு நாளுக்கு அதைவிட நல்ல இடம் சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் திங்கட்கிழமைக்கு அது ஒன்றும் செய்யாது. அதே முகங்கள் அடுத்த வாரமும் வரும், அவர்களுக்கு நாம் ஒன்று கடன் வைத்திருக்கிறோம் என்கிற நினைப்புதான் திங்கட்கிழமையைத் தள்ளுகிறது. லண்டனின் கிழக்குப் பகுதியில் மேஜிக் மீ என்கிற அமைப்பு 1989லேயே பள்ளிப் பிள்ளைகளையும் முதியவர்களையும் கலை வழியாகச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறது, ஆக இது ஏதோ நேற்று முளைத்த யோசனை இல்லை, நம் ஊரில்தான் இன்னும் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

சரி, குறைகள். வயதானவர்களுக்கான வகுப்பை முதல் மாடியில், லிஃப்ட் இல்லாத வீட்டில் வைத்திருக்கிறார்கள். படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். கழிவறை இந்திய முறையில் ஒன்றே ஒன்று, முழங்கால் வலிக்காரர்கள் இரண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். டீ நன்றாக இருக்கும், ஆனால் சர்க்கரை போட்டே வரும், அறையில் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய். பலமுறை சொல்லியும் "அடுத்த வாரம் மாத்திடறோம் மேடம்" தான். மழை வந்து வகுப்பு ரத்தானால் நாலு மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போடுவார்கள், வாட்ஸ்அப் பார்க்காத பெரியவர்கள் ஆட்டோ பிடித்து வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். ஒரு போன் செய்தால் என்ன?

இதெல்லாம்கூடப் போகட்டும், ஆண்டு விழாதான் எனக்குத் தாங்கவில்லை. வருஷம் முழுக்க ஜோடியாகப் பழக்கிவிட்டு, விழா அன்றைக்குப் பிள்ளைகளை மேடையில் ஏற்றிப் பெரியவர்களைக் கீழே முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். கேட்டால் மேடைக்குப் படி உயரமாம், நேரமும் இல்லையாம். சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதம், அவர் வந்ததும் பெரியவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தி, "இவர்கள் நம் பொக்கிஷங்கள்" என்று பேச்சு, போட்டோ. குடத்தை யார் அடித்தார்கள் தெரியுமா, ஸ்பீக்கரில் ரெகார்டிங். அந்த ரயில்காரர் என் பையன் மேடையில் தனியாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பொன்னாடை யார் கேட்டது, அவர் கேட்டது குடம். நடத்துபவரிடம் நேரிலேயே சொன்னேன், அடுத்த வருஷம் விழாவை வகுப்பு அறையிலேயே வைப்பதாகச் சொல்லியிருக்கிறார், பார்ப்போம்.

மதிப்பெண் கேட்டால், ஓவியத்துக்கு 5க்கு 1, கோலத்துக்கு 4, வில்லுப்பாட்டுக்கு 5. இடத்துக்கும் வசதிக்கும் 2க்கு மேல் தர மனசு வரவில்லை. ஓவியம் ஓடுகிற மாதங்களில் சேராதீர்கள், அடுத்த சுற்று எது என்று கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கள். ஒரு வகுப்பு இலவசமாக உட்கார்ந்து பார்க்க விடுகிறார்கள், அன்றைக்குப் பெரியவரை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போய் அந்தப் படியில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். காது மந்தமாக உள்ளவர்கள் வில்லுக்குப் பக்கத்து இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளணும், கேட்டால் கொடுக்கிறார்கள். சர்க்கரை இல்லாத டீ வேண்டுமென்றால் இப்போதைக்கு வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில்தான் கொண்டுபோகணும். பொம்மலாட்டம் பொங்கலுக்குப் பிறகு ஆரம்பம், அதிலும் ஒரு பொம்மைக்கு இரண்டு பேர் என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தைக்கும் பையனுக்கும் பணம் கட்டியாகிவிட்டது.